நாகம்மாளின் ரத்தம்

வேலியே பயிரை மேயும் நோய்களைத்தான் டாக்டர் ரங்கம்மா இத்தனை வருஷமாக ஆராய்ந்து வந்தாள். நம்மைக் காக்க வேண்டிய ரத்த அணுக்கள் நம் உடம்பையே தின்னும். அதை அடக்கும் கடிவாளமும் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்பது அவள் கட்சி. சக டாக்டர்கள் சிரித்தார்கள். 1986 வைகாசியில் அவர்கள் வாயை அடைக்கச் சாட்சி கிடைத்தது. அந்த நோய்க்கு அவளிடம் மாத்திரை சாப்பிட்டு வந்த பாகலூர் நாகம்மாளின் ரத்தத்தில் நோயின் அடையாளமே இல்லை. பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் ரங்கம்மா துள்ளிக் குதிக்காத குறை. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடும்படி, ரத்தம் எடுத்து வந்த உதவியாளன் மூர்த்தியிடமே சொல்லியனுப்பினாள்.

ஆடியில் கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தாள். நாகம்மாளின் பழைய ரத்தம் பி வகை, புதியது ஓ வகை. ரத்த வகை என்ன சட்டையா, மாற்றிப் போட்டுக்கொள்ள? மூர்த்தி மேல் ஏற்கெனவே அவளுக்கு நல்ல எண்ணம் கிடையாது. ஊருக்கே போகாமல், ஓசூர் டீக்கடையில் எவனிடமோ ஊசியைக் குத்தி எடுத்து வந்திருப்பான் என்று முடிவே கட்டிவிட்டாள். அவனையே ஜீப்பை ஓட்டச் சொல்லிக் கிளம்பினாள். வழியில் அவன் இருமியதுகூடத் திருட்டு இருமலாகக் கேட்டது.

பாகலூரில் கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்து மூர்த்தி, "இவங்கதான் மேடம் நாகம்மாள்" என்றான். அவள் நாகம்மாள் இல்லை, தங்கை கெம்பம்மா. பிடிபட்டவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தாய் சென்னம்மாள் எதையும் ஒளிக்கவில்லை. "அன்னிக்கு நாகுக்கு நலுங்கு வெச்சிருந்தோம்ங்க. மஞ்ச பூசின பொண்ணு வாசப்படி தாண்டலாமா? ஒரே வயித்துல பொறந்த ரத்தந்தானேன்னு சின்னவள அனுப்பினோம்."

மூர்த்தி பேர் கேட்டிருக்கிறான், அவளும் அக்காள் பேரைச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட ரங்கம்மா, தனக்குப் பிடித்த முடிவு வந்தபோது மட்டும் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

நாகம்மாள் எங்கே என்று கேட்டாள். ஆடிக்குத் தாய்வீடு வந்தவள் உள்ளே படுத்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. ரங்கம்மா அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது. நோய் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது.

சென்னம்மாளின் முகத்தில் மட்டும் வெட்கமும் சிரிப்பும்.

"முழுகாம இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்ங்க டாக்டரம்மா. நோவுதான் போயிடுச்சே, மாத்திர வேணாம்னு நீங்கதானே சொல்லியனுப்பினீங்க?"

ரங்கம்மா மூர்த்தியை நிமிர்ந்து பார்க்காமலே, ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.