வெர்லின் காத்திருந்த சனிக்கிழமை

மூன்று பேர் படுக்கிற கூடாரத்தை வெர்லின் ஒற்றை ஆளாக அடித்து முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது. மலைக்காட்டுக்குள், ஓடைக்கரையில் அஞ்சாறு கூடாரத்துக்கு மட்டும் இடமுள்ள முகாம் அது. அக்டோபர் குளிரில் வேறு யாரும் வரவில்லை. ஃபோனுக்கு சிக்னலும் கிடையாது.

மகள் டெஸ்ஸா சனிக்கிழமை காலையில் பேத்தியோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் அம்மாவை விட்டு வெர்லின் பிரிந்துபோன பிறகு, அவளாக வருகிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

அன்று ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும். விடிந்து பார்த்தால் ஓடை பெருகி, பாறைகளில் மோதி இரைந்துகொண்டிருந்தது. வெர்லின் பயறை வேகவைத்தான். இரும்புச் சட்டியில் சோள ரொட்டி சுட்டான். பேத்தி உட்கார அடுப்புப் பக்கத்தில் தட்டையான கல் ஒன்றைப் புரட்டிப் போட்டான். இலை அசைந்தால்கூடப் பாதையைத் திரும்பிப் பார்த்தான். மத்தியானம் பயறு இறுகிப்போனது, தண்ணீர் ஊற்றினான். சாயங்காலம் சட்டியை மூடினான்.

"மனசு மாறியிருப்பா," என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடாரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, தூண்டிலோடு ஒருவர் நடந்து வந்தார்.

"அட, ஆள் இருக்கா இங்க! அந்தக் காத்துலயும் இங்கதான் கிடந்தீங்களா? தைரியசாலிதான்யா!"

"வண்டி எங்க?" என்று கேட்டான் வெர்லின்.

"பாதையில இவ்ளோ பெரிய மரம் குறுக்க கிடக்கே, தெரியாதா? அந்தப் பக்கம் விட்டுட்டு வரேன். நேத்தே வந்து பாத்துட்டுத் திரும்பினேன். ஒரு பொண்ணு குழந்தையோட நின்னு ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. உள்ள யாராவது இருப்பாங்களான்னு கேட்டுச்சு. இந்தக் காத்துல எவன் இருப்பான், வீட்டுக்குப் போம்மான்னு நான்தான் அனுப்பி வச்சேன்."

வெர்லின் கயிற்றைக் கீழே வைத்தான். "குழந்தை என்ன பண்ணுச்சு?"

"மரத்து மேல ஏறி நடந்துச்சு. இறங்க மாட்டேன்னு ஒரே அடம்." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. "ஐயையோ, உங்களைப் பாக்கத்தான் வந்தாங்களா?"

"விடுங்க. ஓடை போட்ட சத்தத்துல எனக்கு எதுவுமே கேக்கல."

வெர்லின் மரத்தைத் தாண்டி, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினான். டெஸ்ஸா எடுத்தாள்.

"மழைன்னதும் கிளம்பிட்டீங்கன்னு நினைச்சேன்பா. நீங்கதான் எப்பவும் கிளம்பிடுவீங்களே."

"இந்தத் தடவை கிளம்பலம்மா. இங்கயேதான் இருந்தேன்."

"சரிப்பா. இன்னொரு நாள் பாக்கலாம்," என்றாள்.

"குட்டிகிட்ட கொடேன்."

"தூங்குறா. எந்திரிச்சா பேசச் சொல்றேன்."

கீழே இறங்கினால் சிக்னல் போய்விடும். வெர்லின் மேட்டிலேயே, ஈரப்புல்லில் உட்கார்ந்தான். மீன் பிடிக்க வந்தவர் திரும்பிப் போகையில் அவனைப் பார்த்துக் கையசைத்தார். எதிர்மலையில் வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தான். ஃபோன் அடிக்கவில்லை.

எழுந்து, பின்பக்கம் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, பாதி அவிழ்த்த கூடாரத்தை நோக்கிக் காட்டுக்குள் இறங்கினான்.