மாற்றான் வழக்கை முதலில் சொல்

வடக்கே மேற்குமலைத் தொடர் நீலம் பூத்து நிற்க, அதன் இடுக்கில் நுழைந்த ஆரல்வாய்மொழிக் காற்று, கும்பப்பூ அறுவடை முடிந்த வயல்களின் தாளைத் தடவியபடி தெற்கே இறங்க, பழையாற்றங்கரையில் கொக்கும் நாரையும் ஈரச் சேற்றைக் கிளறித் தம் இரை தேட, நெடுந்தொலைவில் சுசீந்திரத்துக் கோபுரம் சாய்வெயிலை முதுகில் சுமந்து நின்ற பங்குனித் திங்களின் பிற்பகல் அது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறு. ஆங்கிலக் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. நாஞ்சில் நாட்டில் அன்று நகரவை கூடவிருந்த ஊர் ஒன்று இருந்தது. அதன் பெயரைச் சொன்னால் இன்றும் சிலர்க்கு முகம் சுருங்கும். ஆகையால், அன்பு கெழுமிய படிப்பாளரே, அதனை ஊர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவ்வூரின் கீழ்க்கோடியில், வேம்புகள் சூழ, வெண்சுண்ணச் சுவரும் நெடிய தூண்களுமாக ஓர் ஆங்கிலப் பள்ளி நின்றது. கடல் கடந்து வந்த கிறித்தவத் தொண்டர் கட்டிய பழம்பள்ளி. எழுத்தரையும் மருத்துவரையும் அது வேண்டிய அளவு ஈன்றதுண்டு. ஆயின் அரசியலாளரை ஈன்றதுபோல் வேறெவரையும் ஈன்றதில்லை. திருவனந்தபுரத்துப் பேரவையில் எழுந்து பேசியவருள்ளும் அதன் பலகைகளில் பெயர் கீறிவிட்டுப் போனவர் உண்டு; ஊர் நகரவையின் ஒன்பதின்மருள் ஐவர் அதன் பழைய மாணாக்கர். ஊரார் இதனைப் பெருமையாகச் சொல்வர். வரி ஏறிய ஆண்டுகளில் வேறு விதமாகவும் சொல்வர்.

இத்தனை நாவலர்களும் ஒரே பள்ளியில் விளைந்ததற்கு அங்கிருந்த சொற்போர் மன்றமே வேர். அம்மன்றத்துக்குப் பள்ளித் தலைமையாசிரியரான வெள்ளைக்காரத் துரை ஒரு முறை வகுத்திருந்தார். மறுத்துப் பேச எழுபவன், மறுக்குமுன், மாற்றானின் வழக்கை அந்த மாற்றானே மெச்சும்படி எடுத்துரைத்தல் வேண்டும். உரைத்து முடித்தபின் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் எழுந்து, "ஆம், இதுவே என் வழக்கு" என்றால் மறுப்பைத் தொடங்கலாம். அவன் தலையை இடமும் வலமும் அசைத்தால் ஏதோ குறைகிறது என்று பொருள். மீண்டும் உரைக்க வேண்டும். மூன்று முறை உரைத்தும் ஆம் என்னும் சொல்லைப் பெறாதவன் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பிள்ளைப் பருவத்தில் எலும்பில் ஏறிய இப்பழக்கம், மீசை நரைத்த பின்னும் அப்பள்ளி மாணாக்கரை விடவில்லை.

அம்முறையில் தலைசிறந்தவர் பூதலிங்கம் பிள்ளை. மேலத்தெருவின் பெருநிலக்காரர் குடியில் பிறந்தவர். முப்பத்தாறு அகவையில் நகரவையின் முதன்மைப் பேச்சாளராய் விளங்கியவர். பள்ளி நாளில் அவருக்கு எதிர்ப்பலகையில் அமர்ந்தவர் நேசையன்; பனையேறி ஒருவரின் மகன், கிறித்தவர், இப்போது கருப்பட்டி வணிகர், அவரும் நகரவை உறுப்பினர். அன்று இருவரும் மோதவிருந்தது ஒரு தண்ணீர்க் குழாயின் பொருட்டு.

மலைநீரை ஊருக்குக் கொணர்ந்து ஐந்து இடங்களில் குழாய் வைக்க நகரவை முடிவு செய்திருந்தது. நான்குக்கு இடம் குறித்தாயிற்று. ஐந்தாவதைக் கோயிலையொட்டிய மேலத்தெருவுக்குள் வைக்க வேண்டும் என்றனர் அத்தெருவார். நேசையனின் உறவினரான பனையேறிகள் குடியிருந்த பனைவிளை மக்களோ அத்தெருவில் கால் வைக்கவும் ஒப்புதல் அற்றவர்கள். குழாய் அங்கே நின்றால் அவர்கள் நீரின் ஓசையைத் தொலைவிலிருந்து கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. அதனைச் சந்தை நாற்சந்தியில், எவரும் மொள்ளும்படி, வைக்க வேண்டும் என்பது நேசையனின் முன்மொழிவு. அவர் பக்கம் நால்வர், எதிர்ப்பக்கம் ஐவர். அந்த ஐவருள் ஒருவரும் வழுவாமல் கட்டிக் காப்பது பூதலிங்கத்தின் பொறுப்பு.

உச்சிவேளை உணவின்போதே அவர் மனைவி பகவதியம்மாள் இலையருகே நின்றுகொண்டு செய்தியைச் சொல்லிவிட்டார்.

"அப்பா ஆள் விட்டிருக்காரு. இன்னைக்குக் குழாய் கைவிட்டுப் போச்சுன்னா இந்த நடையில இனிமே கால் வைக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னாராம்."

"போகாது. எனக்கில்லா தெரியும் நேசையன் என்னென்ன சொல்லுவாம்னு."

"தெரியும்னு சொல்லுதியளே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அம்மையார். கணவரின் பள்ளிப் பழக்கத்தைப் பதினைந்து ஆண்டாக வீட்டிலேயே கண்டவர் அவர். புளிக்குழம்பில் உப்பு மிகுந்ததென்று குறைகூறுமுன் அதற்குச் சமைத்தவர் தரப்பில் என்ன சொல்லலாம் என்பதையும் எடுத்துரைக்கும் கணவர் வேறெந்த வீட்டிலும் இல்லை.

அவை கூடியது. ஊரில் பாதி பலகணிகளுக்கு வெளியே நின்றது. மேலத்தெருவார் ஒரு புறமும் பனைவிளையார் மறுபுறமுமாக, நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் இடம் விட்டு நின்றார்கள். நேசையன் எழுந்தார். "என் முன்மொழிவு உங்கள் முன் இருக்கிறது. இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை" என்று ஆங்கிலத்தில் கூறிவிட்டு அமர்ந்தார். ஒரு மணி நேரம் பேசுவார் என்று வெற்றிலையை மடித்து வாயில் இட்டிருந்த உறுப்பினர்கள் மெல்லுவதை மறந்து அவரைப் பார்த்தனர். பூதலிங்கத்துக்கு மட்டும் உடனே விளங்கிற்று. தன் வழக்கைத் தன்னினும் நன்றாகச் சொல்லக்கூடியவன் எதிரே இருக்கிறான் என்று நம்பி அமர்ந்துவிட்டார் அந்த மனிதர்.

பூதலிங்கம் எழுந்தார். நேராக மறுப்புக்குப் போயிருக்கலாம். நகரவையில் அம்முறையைக் கட்டாயமாக்கிய சட்டம் ஏதுமில்லை. ஆயினும் நாக்கு பழகிய தடத்திலேயே போயிற்று. பனைவிளையாரும் வீட்டு வரி கட்டுகின்றனர், அவ்வரியில் போட்ட குழாயில் அவர்க்கும் பங்குண்டு என்று தெள்ளிய ஆங்கிலத்தில் எடுத்துரைத்து, நேசையன் முகத்தைப் பார்த்தார். நேசையன் தலையை இடமும் வலமும் அசைத்தார். அவையில் இருந்த மற்ற மூன்று பழைய மாணாக்கரும் தம்மையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

மீண்டும் உரைத்தார். விடியுமுன் குடத்தோடு புறப்படும் பெண்கள் தங்கள் கிணற்றுக்கு ஒன்றரைக் கல் தொலைவு நடப்பதையும், இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாய்த் திரும்புவதையும், அதனால் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வாராது நிற்பதையும் அவர் சொல்லச் சொல்ல, பலகணிக்கு வெளியே ஆங்கிலம் அறியாதவரும் அவர் கை காட்டிய குடத்தைக் கண்டனர். சொல்லி முடித்துப் பார்த்தார். நேசையன் மறுபடியும் தலையை அசைத்தார்.

இனி ஒரே முறை. என்ன குறைகிறது என்று தேடிய பூதலிங்கத்தின் உள்ளம் தன்னையறியாமல் இருபது ஆண்டு பின்னோக்கிப் போய் ஓரிடத்தில் திடுக்கிட்டு நின்றது.

அவ்விடம் சிதறால் மலைச்சரிவு. பள்ளி மாணாக்கர் எல்லாரும் மலைமேல் உள்ள பழைய சமணக் கோயிலைக் காணச் சென்ற நாள். பூதலிங்கம் வீட்டிலிருந்து செம்பில் கொண்டுவந்த நீர், வழியில் கால் இடறிப் பாறையில் கொட்டிப் போயிற்று. பிறர் கைநீர் தொடலாகாது என்று வளர்ந்த பிள்ளை, நா வறண்டும் வாய் திறவாமல் நடந்து, இறங்குகையில் கண் இருண்டு விழுந்தான். மற்றவர் முன்னே போய்விட்டனர். நேசையன் ஒருவனே அடிவாரத்துக்கு ஓடித் தன் உறவினர் வீட்டுக் கிணற்றில் மொண்டு, மடித்த பனையோலைப் பட்டையில் ஏந்திவந்து புகட்டினான். குடித்தான், பிழைத்தான். எழுந்து உட்கார்ந்ததும் நன்றி சொல்லவில்லை. "மக்கா, யாருகிட்டயும் சொல்லிராத" என்றுதான் சொன்னான். "சொல்லமாட்டேன்" என்றான் நேசையன்.

சொல்லவில்லை. படிப்பாளரே, இதனை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. மூன்றாண்டுக்கு முன் இருவரும் ஒரே தொகுதியில் எதிரெதிர் நின்று, பதினொரு வாக்கில் நேசையன் தோற்றார். 'உங்கள் பிள்ளைவாள் எங்கள் கிணற்று நீரைக் குடித்தவர்' என்று மேலத்தெருவின் முனையில் ஒருவர் காதில் போட்டிருந்தால் அப்பதினொன்று நூறாய்ப் புரண்டிருக்கும். தோற்ற அன்றும் சொல்லவில்லை. வேறு வட்டத்தில் வென்று வந்த அன்றும் சொல்லவில்லை. அத்தகைய வாய்க்கு முன்னால் நின்றுகொண்டு, இந்தத் தலையசைப்பால் இப்போதுதான் அவன் அதைச் சொல்லக் கேட்கிறான் என்று பூதலிங்கம் எண்ணினார். பலகணியில் மாமனாரின் வெண்தலைப்பாகை தெரிந்தது. சொன்னால் தெருவும் போயிற்று, உறவும் போயிற்று. சொல்லாவிட்டால் மாற்றான் வழக்கைக் குறையாகச் சொன்ன குற்றம். பள்ளியில் ஒரு நாளும் அவர் செய்யாதது.

அதுவரை ஆங்கிலத்தில் ஓடிய உரை தமிழுக்கு இறங்கியது.

"என் மாற்றாரின் வழக்கு இன்னும் முழுமையாகவில்லை. எந்தக் கிணற்று நீர் தீட்டு என்று இந்த ஊர் சொல்கிறதோ, அவர்களுடைய கிணற்று நீரை நான் குடித்திருக்கிறேன். சிதறால் மலையில் நான் உயிர் போகக் கிடந்தேன். கொண்டுவந்தவர் இவர். குடித்தவன் நான். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவனும் நான். அந்த நீரால் உயிர் பிழைத்து இன்று பேசுகிறேன். அவர்கள் நீர் எனக்கு ஆகுமென்றால், என் நீர் அவர்களுக்கு ஏன் ஆகாது? இதுவே அவர் வழக்கு."

வெளியே காற்றில் வேப்பிலை உரசும் ஒலி கேட்டது. நேசையன் எழுந்தார். பின் "ஆம்" என்றார்.

"உறுப்பினர் தம் மறுப்பைத் தொடங்கலாம்" என்றார் அவைத் தலைவர். பூதலிங்கம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுப்புகள் வரிசையாய் எழுதப்பட்டுத்தான் இருந்தன. அதை மடித்து வைத்துவிட்டு அமர்ந்துவிட்டார். கை உயர்த்தச் சொன்னபோது நேசையன் பக்கம் ஐந்து கைகள் உயர்ந்தன. ஐந்தாவது பூதலிங்கத்தின் கை.

மாமனாரின் தலைப்பாகை பலகணியிலிருந்து மறைந்தது. கூட்டம் கலைந்தபின் முகப்புத் தூணருகே பூதலிங்கம் தனியே நின்றார். நேசையன் அருகே வந்தார்.

"என்ன வே, இப்பிடிப் பண்ணிப்போட்டீரு."

"நீருதானே தலையாட்டினீரு. அதைக் கேக்கீருன்னு நெனச்சேன்."

நேசையன் அவரையே பார்த்தார். "நான் கேட்டது அதையில்ல வே. சித்திரையில எங்க கிணறு உப்புக் கரிக்கும். அதை நீரு விட்டுட்டீரு. அதுக்குத்தான் தலையாட்டினேன். மத்தது நான் சொல்லமாட்டேன்னு சொன்னதில்லா. அதை எப்பிடிக் கேப்பேன்?"

பூதலிங்கத்தின் வாழ்வு முழுதையும் இடம்பெயர்த்துவிட்ட அந்தத் தலையசைப்பு, ஒரு கைப்பிடி உப்புக்காக அசைந்தது. நேசையன் அவையில் மட்டுமன்று, தம் உள்ளத்துக்குள்ளும் அந்தக் கமுக்கத்தைப் படைக்கலமாக எடுத்துப் பார்த்ததில்லை. இருபது ஆண்டும் ஒருவர் தன்னைத் தன்னிடமிருந்தே காத்து வந்திருக்கிறார் என்று கண்ட பூதலிங்கத்துக்கு, இழந்த தெருவின் நினைவு சிறிது நேரம் வரவேயில்லை. அவர் கண்கள் நிறைந்தன, மறைக்கவும் தோன்றவில்லை.

வீட்டில் விளக்கேற்றியிருந்தது. பகவதியம்மாள் அழுது முடித்த முகத்தோடு சோறு போட்டார். தந்தை இனி வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்தத் தண்ணி எப்பிடி இருந்து?"

"தண்ணி மாதிரித்தான் இருந்து" என்றார் பூதலிங்கம். அம்மையார் செம்பில் நீர் வார்த்து அவரருகே வைத்தார்.

ஆனித் திங்களில் நாற்சந்தியில் குழாய் திறந்தனர். பனைவிளையிலிருந்து குடங்கள் ஒரு தேரோட்டத்துக்குப் போவதுபோல் வந்தன. மேலத்தெருவிலிருந்து வந்தவர் இருவரே: பூதலிங்கமும், பின்னால் சற்றே தள்ளி ஒரு குடம் ஏந்திய பகவதியம்மாளும். நேசையன் குழாயைத் திருகினார். பூதலிங்கம் குனிந்து இரு கைகளையும் குவித்து ஏந்திக் குடித்தார். மலைநீர் குளிர்ந்து முழங்கை வழியே ஒழுகியது. சிதறால் சரிவில் ஒளித்துக் குடித்ததை அவர் வெயிலில், ஊர் பார்க்க, இரண்டாம் முறை குடித்தார்.

"இதையாவது வெளியில சொல்லலாமா வே?" என்றார் நேசையன்.

பூதலிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டார். "எல்லாருகிட்டயும் சொல்லும்" என்றார்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். அதன்பின் எந்த அவையிலும் அவர் குரல் கேட்கவில்லை. அந்த ஆங்கிலப் பள்ளி எத்தனையோ வெற்றிச் சொற்பொழிவாளரை நாட்டுக்குத் தந்தது. அவர்கள் உரைகள் எல்லாம் ஏட்டில் ஏறி, ஏடுகள் செல்லரித்து, ஊரார் நினைவிலிருந்து ஒவ்வொன்றாய் உதிர்ந்துபோயின. மாற்றானுக்காக ஒருவர் பேசித் தாம் தோற்ற அந்த ஓர் உரையை மட்டும், நாற்சந்தியில் குடம் நிறையக் காத்திருந்த பெண்கள் நெடுங்காலம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.