ஹெனியாவின் அசையும் வட்டு

காபிஸ் நகரத்து அரசு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாகப் பிரசவம் பார்த்தவள் ஹெனியா. அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். அப்படிப்பட்டவள் ஒரு மார்ச் மாதக் காலையில், வெளியே வந்த குழந்தையின் தலையை ஏந்தக் குனிந்தவள், நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

குழந்தை நல்லபடியாக வந்தது, வந்தவுடன் வீறிட்டு அழுதது. பக்கத்தில் நின்ற நர்ஸ் அதை வாங்கிக்கொண்டாள். ஹெனியா மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்தபடி, மடங்கிய முதுகோடு, மூச்சைக்கூட அளந்து அளந்து விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து அவளைப் பக்கவாட்டில் சாய்த்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். பெற்றவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, பிரசவம் எனக்குத்தானே? உங்கள எங்க தூக்கிட்டுப் போறாங்க?"

அந்த வலியிலும் ஹெனியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலி இன்னும் பிடுங்கியது.

திடீரென்று வந்த வலி இல்லை அது. இரண்டு வருடமாக அவள் மறைத்து வைத்திருந்தாள். மாத்திரை, இடுப்புப் பட்டை, உடற்பயிற்சி, முதுகில் இரண்டு ஊசி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது ஊரறிந்த ரகசியமாகிவிட்டதால் நிர்வாகம் அவளைத் தடுப்பூசி மேசைக்கு மாற்றியது. உட்கார்ந்து அட்டையில் தேதி எழுதுகிற வேலை. உட்கார்ந்தால்தான் அவளுக்கு வலி அதிகம் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாது. மதியத்துக்குள் இடது கால் மரத்துப்போகும். மேல்மாடியிலிருந்து பிரசவ அறையின் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடும்.

"இப்படியே இன்னும் எத்தன நாள் உக்காந்திருப்ப?" என்றாள் மப்ரூக்கா. ஹெனியாவின் கணவன் நூரிக்கு அக்கா அவள். வாய் கொஞ்சம் நீளம். ஒன்பது வருடத்துக்கு முன் அவளுக்கு முதுகில் எலும்பு வழுக்கியதை, கம்பியும் திருகும் வைத்து இறுக்கிச் சரிசெய்திருந்தார் டாக்டர் ஷெத்லி. "என்னப் பாருடி. பள்ளிவாசல் மினார் மாதிரி நிக்கிறேன். காத்தடிச்சாலும் ஆடாது."

"கீழ விழுந்த சாவிய எடுக்க நீங்க பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூப்பிடறத நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன் அண்ணி."

"சாவிக்காகவா வாழறோம்? வலியில்லாம தூங்கறேன்டி. ஷெத்லிகிட்ட போ."

அதையும் மறுக்க முடியாது. படுக்கையில் புரள முடியாமல் கிடந்த மப்ரூக்கா எழுந்து நடந்ததை ஹெனியா கண்ணால் பார்த்தவள். அடுத்த வாரமே போனாள்.

ஷெத்லிக்கு அறுபத்து மூன்று வயது. முரட்டு உடம்பு, புதர் மாதிரிப் புருவம், முரட்டுப் பேச்சு. நாட்டின் தெற்கில் முதுகு என்றாலே அவர் பெயர்தான் முதலில் வரும். யாராவது நன்றி சொன்னால் ஈ ஓட்டுவதுபோலக் கையை வீசுவார். ஹெனியாவை அவருக்குத் தெரியும், ஒரே மருத்துவமனைதானே. குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், காலைத் தூக்கிப் பார்த்தார். எலும்பின் உறுதியைப் பார்க்க ஒரு சோதனையும், குனிந்தும் வளைந்தும் நான்கு படங்களும் எடுத்துவரச் சொன்னார். எடுத்துப் போனாள். விளக்குப் பலகையில் படங்களை மாட்டி அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தேதி சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"உனக்கு நான் ஆபரேஷன் பண்ணப்போறதில்ல" என்றார்.

ஹெனியா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவ்வளவு மோசமா டாக்டர்?"

"மோசமா இருந்தா பண்ணியிருப்பேன். நல்லா இருக்கு, அதான் தொல்ல." அவர் விரல் படத்தின் மேல் இறங்கியது. "கடைசிக்கு முந்தின வட்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்த மாதிரி இருக்கணும், காஞ்சு சப்பையாயிருச்சு. இது ஒண்ணுதான் கெட்டது. மேல இருக்கறதெல்லாம் நல்லாருக்கு. பின்னாடி இருக்கிற சின்ன மூட்டுங்களும் நல்லாருக்கு. எலும்பு எங்கயும் வழுக்கல. நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு எலும்பையும் சேத்து இறுக்கி ஒண்ணாக்கிருவேன். அத நான் கண்ண மூடிக்கிட்டே செய்வேன். வலியும் போகலாம். ஆனா அந்த இடம் அப்புறம் அசையாது. அதோட வேலையையும் மேல இருக்கிற வட்டு சேத்து இழுக்கணும். நீ இன்னும் இருபது வருஷம் குனிய வேண்டியவ."

"வேற வழி?"

"செயற்க வட்டு இருக்கு. மேலயும் கீழயும் உலோகத் தகடு, நடுவுல வழவழன்னு ஒரு பிளாஸ்டிக். கெட்டத எடுத்துட்டு அத வைப்பாங்க. குனியலாம், திரும்பலாம். எல்லாருக்கும் ஆகாது. மப்ரூக்காவுக்கு நிச்சயமா ஆயிருக்காது. உனக்கு ஆகும்." அவர் நாற்காலியில் கனமாக உட்கார்ந்தார். "எனக்கு அது வராது. ஸ்பாக்ஸ் ஊர்ல ஒருத்திக்கு வரும்."

பெயர் சொல்லும் முன்பே ஹெனியாவுக்குத் தெரிந்துவிட்டது. மருத்துவமனையில் தெரியாதவர் யார்? டாக்டர் ஒல்ஃபா இவரிடமே நான்கு வருடம் வேலை கற்றவள். ஆறு வருடத்துக்கு முன், டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அவள் இந்த அசையும் வட்டைப் பற்றிப் பேச எழுந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷெத்லி, "நீ முதுகு டாக்டரா, கதவுக்குக் கீல் மாட்டற தச்சனா?" என்று உரக்கக் கேட்டார். இருநூறு பேர் சிரித்தார்கள். ஒல்ஃபா முகம் சிவக்க, பேச்சை முழுதும் பேசி முடித்துவிட்டு இறங்கிப் போனாள். அதன்பின் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஷெத்லி மேசையிலிருந்த போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஹெனியா எழப்போனாள். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஒல்ஃபா? நான் ஷெத்லி பேசறேன்." போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இருக்கியா? நல்லது. உங்கிட்ட ஒரு ஆள அனுப்பணும். எங்க பிரசவ வார்டு ஹெனியா. ... ஆமா, கீல் மாட்டத்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒல்ஃபா, அன்னிக்கு நான் கேலி பண்ணினது தப்பு. எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினேன், இப்ப ஒரு நோயாளி முன்னாடி தப்புன்னு சொல்றேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

பதில் என்னவென்று ஹெனியாவுக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாப் படத்தையும் இன்னிக்கே அனுப்பணுமாம். ஒண்ணு விடக்கூடாதாம். கறாரான பொண்ணு."

ஸ்பாக்ஸுக்கு நூரியும் கூடப் போனான். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவன். கேள்விகளையெல்லாம் தாளில் எழுதி வைத்திருந்தான்.

"அசையற பொருள்னா ஒருநாள் கழண்டுக்காதா டாக்டர்?"

"தகடு எலும்போட ஒட்டி வளந்துரும். மூணு மாசம் அவங்க பாரம் தூக்காம இருந்தாப் போதும். அந்த மூணு மாசம் தூக்கற வேலையெல்லாம் உங்களுது" என்றாள் ஒல்ஃபா. நாற்பது வயதுக்காரி, சின்ன உருவம், நிதானமான குரல். "முதுகுல வெட்டமாட்டேன். அடிவயித்துல திறந்து முன்பக்கமா போவேன்."

"வயித்து வழியா குழந்தைய எடுத்துத்தான் பாத்திருக்கேன்" என்றாள் ஹெனியா. "வட்டு எடுத்துப் பாத்ததில்ல."

ஒல்ஃபா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன் ஹெனியா. அந்த இடத்துக்கு முன்னால பெரிய ரத்தக் குழாய்ங்க போகுது. அத ஓரமா நகத்திட்டுத்தான் உள்ள போகணும். நகர மறுத்தாலோ ரத்தம் கட்டுக்கு வரலன்னாலோ, அன்னிக்கு மூடிட்டு வெளிய வந்துருவேன். அப்புறம் பின்பக்கமா எலும்ப இறுக்கறதுதான் வழி. அதுக்கும் சேத்துத்தான் நீங்க கையெழுத்துப் போடணும். வலி மொத்தமா போயிரும்னும் நான் வாக்குக் குடுக்கமாட்டேன்."

ஹெனியா கையெழுத்துப் போட்டாள். பொய் சொல்லாத வாயை அவளுக்குப் பிடிக்கும். அவளும் பிரசவ வலியில் இருக்கிறவளிடம் "இதோ ஆச்சு" என்று பொய் சொல்லாதவள்.

ஜூன் மாதம், காலை எட்டு மணி. ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, சுவர் ஓரமாக முகமூடியும் தொப்பியும் போட்டு ஒரு பெரிய உருவம் நின்றது. கழுவிய கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தது. முகமூடிக்கு மேலே இருந்த அந்தப் புதர்ப் புருவங்களை ஹெனியாவுக்கு அடையாளம் தெரிந்தது.

"டாக்டர் ஷெத்லி? நீங்க எங்க இங்க?"

"அவகிட்ட அனுமதி கேட்டுத்தான் வந்தேன். வெட்டின இடத்த விலக்கிக் கொக்கி பிடிக்க ஆள் வேணுமாம்" என்றார். "பேசாம மூச்ச இழு."

கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. வயிற்றில் தைத்த இடம் எரிந்தது. பக்கத்தில் ஒல்ஃபா நின்றாள், கண்கள் களைத்திருந்தன.

"வெச்சீங்களா? இல்ல மூடிட்டீங்களா?"

"வெச்சாச்சு. அசையுது."

ஹெனியாவின் கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை வரவில்லை. ஒல்ஃபாவே துடைத்துவிட்டாள்.

நடந்ததை மறுநாள்தான் சொன்னாள். குழாயை நகர்த்தும்போது ஒரு சின்னக் கிளை கிழிந்து ரத்தம் பொங்கிவிட்டது. குழி நிறைந்து எதுவும் தெரியவில்லை. ஷெத்லி விரலை உள்ளே விட்டு, சரியாக அந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்திக்கொண்டார். கூட நின்ற ரத்தக் குழாய் டாக்டர் தையல் போட்டு முடிக்கும்வரை, பன்னிரண்டு நிமிடம், அந்த விரல் மயிரிழைகூட விலகவில்லை.

"நான் மட்டும் இருந்திருந்தா பயந்து மூடியிருப்பேன்" என்றாள் ஒல்ஃபா. "அவர் 'அவசரப்படாத, நான் பிடிச்சிருக்கேன், நீ உன் வேலையப் பாரு'ன்னு சொன்னார். நாலு வருஷம் அவர்கிட்ட இருந்தேன். அந்தக் குரல்ல அவர் பேசி ஒருநாளும் கேட்டதில்ல."

"எங்க அவரு?"

"நேத்து முடிஞ்சதுமே ரயிலப் பிடிச்சுட்டார். சாயங்காலம் வெளி நோயாளிங்க இருந்தாங்களாம்."

அன்றே ஹெனியாவை எழுப்பி நிற்கவைத்தார்கள். காயம் இழுத்தது, தலை சுற்றியது. ஆனால் இரண்டு வருடமாக இடுப்புக்குள்ளே குடியிருந்த அந்த ஆழத்து வலி, ஆளைக் காணோம். அவள் தேடிப் பார்த்தாள், இல்லை. நூரியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏழு அடி நடந்தாள். அவன் அழுதுகொண்டே கணக்காக எண்ணினான்.

மப்ரூக்கா வறுத்த மாவில் ஆலிவ் எண்ணெயும் பேரீச்சையும் பிசைந்த பஸீஸா டப்பாவோடு வந்து இறங்கினாள். "எனக்கு ஆறு திருகு. உனக்கு ஒண்ணுகூட இல்லையாமே? ஏமாத்திட்டாங்கடி உன்ன." சொல்லிவிட்டு ஹெனியாவின் நெற்றியில் முத்தமிட்டாள்.

மூன்று மாதம் காலையும் மாலையும் பேரீச்சந்தோப்புப் பாதையில் நடந்தாள். ஆகஸ்டில் ஒரு வாரம் காலில் பழைய வலி திரும்பி வந்து அவளைப் பயமுறுத்தியது. எல்லாம் வீண் என்று நூரியிடம் எரிந்து விழுந்தாள். படம் எடுத்துப் பார்த்த ஒல்ஃபா, வட்டு இருந்த இடத்தில் இருக்கிறது, நரம்பு ஆறும்போது முணுமுணுக்கிறது, பொறுங்கள் என்றாள். பத்தாம் நாள் அது அடங்கியது. இப்போதும் மழை நாளில் இடுப்பு லேசாகக் கனக்கும். அதை ஹெனியா வலிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நவம்பரில் தடுப்பூசி மேசையை விட்டு மேல்மாடிக்குப் போனாள். முதல் நாளே மத்மாத்தா மலையிலிருந்து வந்த ஒருத்திக்குத் தலைப் பிரசவம். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்ததால் கவனமெல்லாம் அதில்தான். குனிந்தாள், கொடியை விலக்கினாள், குழந்தையை வாங்கினாள், நிமிர்ந்து தாயின் மார்பில் வைத்தாள். உடனிருந்த நர்ஸ் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"அக்கா, நிமிந்துட்டீங்க!"

அப்போதுதான் ஹெனியாவுக்கே உறைத்தது. கையுறையோடு அப்படியே நின்று வாய்விட்டு இறைவனுக்கு நன்றி சொன்னாள். தனக்காகத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அந்த மலைக்காரியும் கூடச் சேர்ந்து சொன்னாள்.

அந்த வியாழக்கிழமையே கோதுமை ரவையில் மீன் போட்ட குஸ்குஸ் சமைத்து எடுத்துக்கொண்டு ஷெத்லியின் அறைக்குப் போனாள். அறை பூட்டியிருந்தது. வியாழன்தோறும் அவர் ஸ்பாக்ஸுக்குப் போய் டாக்டர் ஒல்ஃபாவுடன் ஆபரேஷனில் நிற்கிறார் என்றான் வாசல் காவலாளி. மறுநாள் புதிதாகச் சமைத்துக்கொண்டு போனாள்.

வழக்கம்போல ஈ ஓட்டினார். "எனக்கெதுக்கு? நன்றிய ஸ்பாக்ஸுக்கு அனுப்பு."

"அங்க குடுத்துட்டேன். இது உங்களுக்கு."

"விரல வெச்சு அழுத்தினதுக்கா? அது எந்த டாக்டரும் செய்வான்."

"இல்ல. நீங்க என்ன வெட்டாம விட்டதுக்கு. நான் வந்து கேட்டேன், உங்க கைக்கு வந்த வேல அது, நீங்க செஞ்சிருந்தா ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாங்க. எனக்கும் தெரிஞ்சிருக்காது."

ஷெத்லியின் கை பாதியில் நின்றுவிட்டது. மூடியைத் திறந்தார், வாசனை பிடித்தார், ஸ்பூன் எடுத்து இரண்டு வாய் சாப்பிட்டார்.

"காரம் கம்மி" என்றார். பிறகு வாசல் பக்கம் தலையை அசைத்தார். "வெளிய பச்ச முக்காடு போட்டு ஒருத்தி உக்காந்திருக்கா பாரு. பள்ளிக்கூட வாத்தியாரம்மா. உன் மாதிரியே ஒரே ஒரு வட்டு. ஸ்பாக்ஸுக்குப் போன்னா பயந்து நடுங்கறா. எம்பேச்சக் கேட்டு யாருக்குத் தைரியம் வந்திருக்கு? நீ போய்ப் பேசு. வலிச்சதையும் மறைக்காம சொல்லு."

ஹெனியா வெளியே வந்தாள். பச்சை முக்காட்டுக்காரி நாற்காலி நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, படங்கள் வைத்த உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாய்வு எந்த வலிக்கு என்று ஹெனியாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"உக்கார முடியலல்ல?" என்றாள். "வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம்."