விழுந்தவர்

சைக்கிள்காரரின் கைப்பிடி வேனின் பக்கக் கண்ணாடியில் உரசியது. அவ்வளவுதான். தம்பி வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கி கம்பியோடு இறங்கினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, வாயால் மிரட்டிவிட்டு வந்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். மூக்குமேல் கோபம், வந்த வேகத்தில் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லியே வளர்த்த பிள்ளை.

முதல் அடி காதோரம். சைக்கிள்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நெற்றியில் இரண்டாவது. அவர் முட்டி போட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூரையாகப் பிடித்தார். கம்பி விரல்களில் இறங்கிய சத்தம் வண்டிக்குள்ளும் கேட்டது.

"விடுடா! டேய், செத்துருவாருடா!"

அவள் கதவைத் திறந்து கால் வைப்பதற்குள் பின்மண்டையில் இன்னொன்று. அவர் சாய்ந்தார். சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். முன்னால் வர ஆளில்லை.

தம்பி அவளை வண்டிக்குள் தள்ளிக் கிளப்பினான்.

"நீ ஒண்ணும் பாக்கல. அவன் விழுந்துட்டான். அவ்ளோதான்க்கா."

பத்திரிகை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் வரேன்" என்றான், தினமும் சொல்வதுபோல.

அது ஒரு மாலைப் பத்திரிகை. நிருபர்கள் அனுப்புவதை வெட்டிக் குறுக்கித் தலைப்புப் போடுவது அவள் வேலை. 'கத்திரி' என்றால்தான் அங்கே தெரியும். கழிவறையில் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நிருபர் கூப்பிட்டான்.

"கத்திரிக்கா, நாலு வரி எழுதிக்குங்க. சாலையில் தவறி விழுந்தவர் சாவு."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"விழுந்தாருன்னு யாரு சொன்னா?"

"ஸ்டேஷன்லதான். பாத்தவங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. மண்டைல மூணு காயம், விரலெல்லாம் நொறுங்கிக் கெடக்கு. நமக்கென்ன, விழுந்தாருன்னே போட்டுருங்க."

எத்தனை வருஷமாக அந்தச் சொல்லைக் கை கூசாமல் போட்டிருக்கிறாள்! மாடியிலிருந்து விழுந்த மருமகள்கள், லாக்கப்பில் வழுக்கி விழுந்த கைதிகள். அடித்தார் என்று எழுதினால், யார் என்ற கேள்வி வாசலில் வந்து நிற்கும். விழுந்தார் என்றால் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போகலாம். தகராறில் அடி விழுந்தது, வெட்டு விழுந்தது என்றுதானே எழுதுகிறோம், பழுத்த இலை தானாக உதிர்ந்த மாதிரி. இன்றைக்கு அந்த ஐந்து எழுத்தை அடிக்க அவள் விரல் மறுத்தது. திரையில் அந்த மனிதரின் விரல்கள் தெரிந்தன.

எழுந்து செய்தி ஆசிரியரிடம் போனாள்.

"அந்த சைக்கிள்காரர் விழல சார். அடிச்சுக் கொன்னுட்டாங்க."

"சாட்சி இல்லாம எப்படிம்மா போடுறது? நம்ம மேல கேஸ் விழும்."

"சாட்சி நான்தான். அடிச்சது என் தம்பி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கூடப் பொறந்தவன்மா. அம்மா தாங்குவாங்களா?"

"தாங்க மாட்டாங்க சார்."

வேறு ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அப்ப மொதல்ல ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. அதுவரைக்கும் பக்கத்த நிறுத்தி வைக்கறேன்."

ஸ்டேஷனில் எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். சுவரோர பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். தையல் மிஷினிலிருந்து எழுந்தபடியே ஓடி வந்தவள் போலும். உடுப்பெல்லாம் நீல நூல் துணுக்குகள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"நீங்களும் பாடி வாங்கத்தான் வந்தீங்களா?" என்று அவள் கேட்டாள்.

கத்திரி இல்லையென்று தலையாட்டினாள்.

"ரோட்டுல விழுந்துட்டாருன்னு சொல்றாங்க. இத்தன வருஷமா சைக்கிள் ஓட்டறாரு, ஒருநாள் விழுந்ததில்ல. அதான் எனக்குப் புரியல."

கத்திரியின் பைக்குள் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். தம்பி. நின்றது, மறுபடி ஆரம்பித்தது.

"போன் அடிக்குதும்மா" என்றாள் அந்தப் பெண். பிறகு கத்திரி நிற்பதைக் கவனித்தவளாக, மடியிலிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள்.