ஒரு சொட்டு விடாம

ஹேரான் துணியை முறுக்கிப் பிழிந்தாள். விடியலுக்கு முன்பே மண்பானையில் அடுப்பேற்றி, சிறுதீயில் வற்றவிட்ட மூலிகைத் தேநீர். இஞ்சி, பட்டை, அதிமதுரம், கொட்டை நீக்கிய சிவப்பு இலந்தை எல்லாம் சக்கையாகித் துணியில் தங்கின. கறுத்த சாற்றைக் கோப்பையில் ஊற்றி, தேன் கலந்து, மேலே பைன் பருப்பை மிதக்கவிட்டு அப்பாவின் அறைக்குக் கொண்டுபோனாள்.

அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். அண்ணி அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு."

"நீங்க குடிச்சதும் போறேன்பா."

"கொதிக்குது. நீ கோட்டை மாட்டிட்டு வா, அதுக்குள்ள குடிச்சிடறேன்."

திரும்பி வந்தபோது கோப்பை காலியாக இருந்தது.

"ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டேன். உள்ள அடுப்பு மூட்டின மாதிரி கதகதன்னு இருக்கு. பனி விடட்டும், நானே உல்சானுக்கு வரேன். உங்க கேன்டீன் சாப்பாட்டைக் குறை சொல்ல அங்க ஒரு ஆள் வேணும்ல?"

அவள் சிரித்துவிட்டாள். அண்ணன் தோக்சு காரில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவிட்டான். வழியெல்லாம் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் இறங்கும் முன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை அவள் மடியில் வைத்தான்.

உல்சானில், கப்பல் கட்டும் தளக் கேன்டீனில் அவள் இரவு வேலைக்கு ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தபோது தோக்சு போனில் அழைத்தான். "அப்பா போயிட்டாரு."

மறுநாள் சொந்த ஊர் ஜேச்சொனில், மருத்துவமனையின் கீழ்த்தளத்துத் துக்க மண்டபத்தில், வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே அப்பாவின் படம் இருந்தது. கறுப்பு உடையும் தலையில் வெள்ளை ரிப்பனுமாக ஹேரான் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மாட்டிறைச்சி சூப் ஊற்றினாள். மீண்டும் சூப் எடுக்கச் சமையல் மூலைக்குப் போனாள். அண்ணி அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"குளிர்காலம் பூரா வாரா வாரம் வந்து போட்டுக் குடுத்தேனே அண்ணி. தேறிக்கிட்டுதானே இருந்தாரு?"

அண்ணி உடைந்து அழுதாள். "அவரால குடிக்கவே முடியல ஹேரான். போன மாசத்துலேர்ந்து சரியா எதுவும் உள்ள இறங்கல. நீ அந்தப் பக்கம் திரும்பினதும் கோப்பையை என்கிட்ட நீட்டிடுவாரு. நான்தான் கொண்டுபோய்க் கொட்டுவேன்."

"நேத்துமா?"

அண்ணி தலையாட்டினாள்.

ஹேரான் வெளியே வந்தாள். மலர்வளையங்களுக்குப் பக்கத்தில் தோக்சு நின்றிருந்தான்.

"அப்பா தேறமாட்டாருன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

அவன் முதலில் புரியாதவன்போல் பார்த்தான். பிறகு கண்ணைத் தாழ்த்தினான். "இலை உதிரும்போதே டாக்டர் கையை விரிச்சிட்டாரு. அப்பாதான் சத்தியம் வாங்கினாரு. அடுப்பு முன்னால நிக்கும்போது அவ மொகம் நல்லா இருக்கு, அதைக் கெடுக்காதேன்னாரு."

"நேத்து என்னை பஸ் ஏத்தினியே. அப்ப?"

அவன் மலர்வளையத்தின் ரிப்பனை நேராக்கினான்.

"உனக்கு அப்பவும் தெரியும்."

"ராத்திரி தாண்டாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நீ பார்க்க வேணாம்னு அப்பா..."

"நீ பார்க்கலாம். அண்ணி பார்க்கலாம்." அவள் குரல் உயரவில்லை. "எனக்குப் பழத்தைக் குடுத்து அனுப்பிட்டீங்க."

அவன் கை நீட்டினான். அவள் விலகி உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டு மாமா சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். "உன் தேநீரைப் பத்தி அப்பா ஊரெல்லாம் பெருமை பேசுவாரும்மா. எங்க வீட்டம்மாவுக்கும் கொஞ்ச நாளா கைகால் ஜில்லிட்டுப் போகுது, சாப்பாடு பிடிக்கல. அதுல என்னென்ன போடுவே, சொல்லேன்."

"இஞ்சி, பட்டை..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

"மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க மாமா. அவர் என்ன சொன்னாலும் நீங்க மட்டும் கேட்டு வெச்சுக்காதீங்க. அத்தைகிட்டயும் சொல்லிடுங்க."

வாசலில் புதிதாகச் சிலர் செருப்பைக் கழற்றினார்கள். தோக்சு படத்தருகே போய் நின்று, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டான். ஹேரானும் போய் நின்றாள், நடுவே இன்னும் ஒருவர் நிற்கலாம் போல இடைவெளி விட்டு. வந்தவர்கள் படத்தை வணங்கி இவர்கள் பக்கம் திரும்பியதும், பதில் வணக்கமாக இருவரும் ஒரே நேரத்தில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார்கள்.