அம்மாவின் பெயரும் அம்மாவின் நோயும்

என் அம்மா பக்ருன்னிசா மஞ்சள் காமாலையில் இறந்ததாகத்தான் வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து நானும் அதையே சொல்லிவந்தேன். போன மாதம் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, வீட்டில் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அப்படியானால் அவசரமில்லை, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அத்தாவின், அதாவது என் அப்பாவின், அக்கா சாஜிதா பேகம், என் மாமி, கோட்டைமேட்டில் தன் பேரில் இருந்த கடைக் கட்டடத்தைப் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை, ஆராய்ச்சி மையத்துக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். பிள்ளையில்லாதவர், சொத்து அவர் இஷ்டம். அத்தாவும் பெருமையாகத்தான் ஊரைக் கூப்பிட்டார். எனக்குப் பேசி வைத்திருந்த நிஜாமின் அம்மாவும் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார்.

எங்களவர்கள் தானம் கொடுத்தால் கல்லில் ‘மர்ஹூம் இன்னார் நினைவாக’ என்று இறந்தவர் பெயரோடு ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். துணியை விலக்கியபோது இந்தக் கல்லில் இரண்டு வரி இருந்தது. ‘மர்ஹூமா பக்ருன்னிசா நினைவாக. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்.’

அப்படியானால் இத்தனை வருஷமும் மஞ்சள் காமாலை என்று சொன்னது பொய். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம், அடக்க முடியவில்லை.

அத்தா மாமியை ஓரமாக இழுத்தார். “ஏனுங்கக்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? சம்பந்தி ஊட்டம்மா பாத்துட்டு நிக்கறாங்க. இனி புள்ளைய யாரு கட்டுவாங்க?”

மாமி குரலைத் தாழ்த்தவில்லை. “அவ செத்தப்பவே என் வாய அடைச்சுப்போட்டே. உம்புள்ள ரம்ஷாவுக்கு உசுரு வேணுமா, மாப்பிள்ளை வேணுமா? என் கட்டடம், என் கல்லு. முடிஞ்சாப் பேத்தெடுத்துப் பாரு தம்பி.”

நான் நேரே அத்தாவிடம் போனேன். “எனக்குக் கட்டி இருக்குதுங்கத்தா,” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “டாக்டர்கிட்ட உங்க பொய்யத்தான் சொல்லிப்போட்டு வந்திருக்கறேன்.”

அத்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நிற்கவில்லை. நிஜாமின் அம்மாவிடம் திரும்பினேன்.

“கல்யாணம் வேண்டாம்னாலும் சரிங்க. யோசிச்சுச் சொல்லுங்க. நான் இப்ப ஸ்கேன் பண்ணப் போறேன்.”

அவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கம்மா வயித்துவலியில போனாங்கன்னுதான் எங்ககிட்டச் சொன்னாங்க கண்ணு,” என்றார் மெல்ல. “நீ முன்னால போ. நானும் வாரேன்.”