பிச்சுமணி பிடிக்காத மீன்

சமையலறையில் துணிப்பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள் சீதாலக்ஷ்மி. "இப்ப அதுக்கென்னம்மா அவசரம், அங்கே வெச்சுடேன்" என்று மகள் மதுவந்தி சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

கூடத்தில் அவள் கணவர் பிச்சுமணியைக் கிடத்தியிருந்தார்கள். மட்டாஞ்சேரியின் அந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் நுழையாது. தோப்பும்படி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் கடைசி நூறு அடி தூரம் கையில் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவரோடு வந்தது இந்தப் பை. படகுக்காரன் பாண்டித்துரை, அம்மா கையில்தான் கொடுப்பேன் என்று வாசலிலேயே நின்று, அவள் வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் நகர்ந்தான்.

உள்ளே வெயில் தொப்பி இருந்தது. கறுப்புக் கண்ணாடி, மாத்திரை அட்டை, ஈரம் காயாத துண்டு. அடியில் எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்தாள். காலை நாலரை மணிக்கு அவள் பிசைந்து அடைத்த தயிர்சாதத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை. எலுமிச்சை ஊறுகாய் ஒட்டியிருந்த ஓரத்தைக்கூட விரலால் வழித்திருந்தார்.

சீதாலக்ஷ்மி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து பாண்டித்துரையின் குரல் கேட்டது.

"மயில்மீனு சார். ஆளு ஒசரம். முதுகுச் செறக விரிச்சுக்கிட்டு மூணு தடவ தண்ணிக்கு மேல குதிச்சுச்சு. சார் விடலயே. முக்கா மணி நேரம் போராடி, படகு ஓரம் கொண்டாந்து, தடவிக்குடுத்து, திரும்ப விட்டாக. அம்புட்டு சந்தோசம் அவுக மொகத்துல."

கூடத்தில் யாரோ விசும்பினார்கள். யாரோ, "பாக்கியவான்" என்றார்கள்.

அவள் டப்பாவை மூடினாள். மீன் கடிக்கிற நாளில் அவர் சாப்பிட மாட்டார். பத்து வருஷமாக அவள் பார்த்து வருவது இது. தூண்டில் வளைந்த நாளெல்லாம் தயிர்சாதம் புளித்துப்போய் அப்படியே வீடு திரும்பும். "பசிக்கவே இல்லைடீ" என்று படிகளில் ஏறும்போதே சொல்லிக்கொண்டு வருவார். ஒன்றும் மாட்டாத நாளில்தான் டப்பா கழுவிவைத்ததுபோல வரும்.

மிளகுக் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் மானேஜராக இருந்துவிட்டு ஓய்வு பெற்ற மறுவாரம், ஒரு பழைய வாடிக்கைக்காரரின் அழைப்பில் கடலுக்குப் போனார். திரும்பி வந்தவர் வேறு மனுஷராக வந்தார். அதன் பிறகு அக்டோபரிலிருந்து மே வரை மாசத்துக்கு இரண்டு தடவையாவது போகாமல் இருந்ததில்லை. பாரை, சூரை, ஊளி என்று பெயர்களைச் சொல்லுவார். எதையும் கொண்டுவந்ததில்லை, எல்லாம் திரும்பக் கடலுக்கே. முட்டை வாசனைகூட அறியாத வீட்டு ஆண்பிள்ளை மீன் பிடிக்கிறான் என்று சொந்தத்தில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, முதல் இரண்டு வருஷம் சரியாகப் பேசவும் இல்லை. துணிகளைத் தனியாக ஊறவைத்தாள். பிறகு எப்போது என்று சொல்ல முடியாமல், காலைக் காப்பியோடு அவர் போனைப் பார்த்து வாசிக்கிற காற்றையும் நீரோட்டத்தையும் கேட்டுக்கொண்டிருக்கப் பழகிவிட்டாள்.

"மழைக்காலத்துல அடியிலேர்ந்து குளிர்ந்த தண்ணி மேல வரும், கேட்டியா. செப்டம்பர் வரைக்கும் அப்படித்தான். தண்ணி சூடாகணும். இருபத்தெட்டு டிகிரியாவது வந்தாத்தான் மயில்மீன் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கும்."

போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு ஒரு பருவம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆகஸ்டில் டாக்டர், போகலாம், ஆனால் சிரமப்படக் கூடாது என்றார். நேற்று சாயங்காலம் அவர் ஒன்றும் கேட்காமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தபோது அவளே சொன்னாள்: "போய்ட்டு வாங்கோ. நடந்து நடந்து தரை தேயறது."

அனுப்பிவைத்தவள் அவள்தான்.

"மன்னி!"

வெங்கிடேஷ் சமையலறை வாசலில் நின்றான். பிச்சுமணியின் தம்பி. திருப்புணித்துறையிலிருந்து சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருந்தான். அண்ணாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்கப்போகிறவன் அவன்தான்.

"முக்கா மணி நேரம்! நெஞ்சுல ஸ்டென்ட் வெச்ச மனுஷன் முக்கா மணி நேரம் மீனோட மல்லுக்கட்டியிருக்கான். இவன் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்திருக்கான். சும்மா விடப்போறதில்லை மன்னி. போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்." சற்று நிறுத்தினான். "நீங்க எப்படி விட்டேள்? நீங்களாவது தடுத்திருக்க வேண்டாமா?"

"சித்தப்பா, அம்மாகிட்ட இப்ப போய்..." என்று மதுவந்தி குறுக்கிட்டாள். கலூரிலிருந்து ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்தவள். அழுது வீங்கிய முகத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. "அப்பா ஆசைப்பட்ட மீனைப் புடிச்சுட்டுத்தானே போனார். அது போதாதா?"

"அந்த மீன்தாண்டி கொன்னுது."

கூடத்தில் பேச்சு சட்டென்று அடங்கியது. பாண்டித்துரைக்கும் கேட்டிருக்கும். சீதாலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். அவன் கூடத்தின் மூலையில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, தன் கைகளைப் பார்த்தபடி நின்றான். சாம்பல் நிற டீ-ஷர்ட்டில் உப்பு பூத்திருந்தது. மண்டபம் பக்கத்துக்காரன். தோப்பும்படிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு மாறாதவன்.

அவள் பின்கட்டுக்குப் போய் அவனைக் கூப்பிட்டனுப்பினாள். கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"பாண்டித்துரை, என்ன நடந்தது?"

"அதான் சொன்னேனேம்மா. மயில்மீனு..."

"டப்பாவைத் தொறந்து பாத்தேன்."

அவன் விழித்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது. பத்து வருஷம் அந்தத் தயிர்சாதத்தைப் படகில் பார்த்தவன் அவன். கல்லின்மேல் உட்காரப்போனவன், உட்காராமல் நின்றான்.

"கடல்ல ஒண்ணுமே இல்லம்மா" என்றான். "மழ விட்டு இன்னும் தண்ணி தெளியல. காயல் கடல்ல சேருற அழிமுகம் தாண்டி பத்து மைலு போயும் பச்சையா, சாணி கரைச்ச மாதிரி கெடக்கு. சார் மிஷினுல பாத்துட்டு, இருபத்தாறு டிகிரிதான் இருக்கு துரை, நாம ரெண்டு வாரம் முந்தி வந்துட்டோம்னாக. ஆறு எடத்துல போட்டுப் பாத்தோம். ஒரு சின்னக் கொத்துகூட இல்ல. சரி, சாப்புடலாம்னு டப்பாவத் தொறந்தாக. ரசிச்சு ரசிச்சுச் சாப்புட்டாக. எனக்கும் ஒரு கை குடுத்தாக."

"நன்னா சாப்பிட்டாரா?"

"நல்லாச் சாப்புட்டாகம்மா. அப்புறம் கையக் கழுவிட்டு, இஞ்சின் பெட்டில சாஞ்சுக்கிட்டு, பேசிக்கிட்டே வந்தாக. நவம்பர்ல தண்ணி நீலமா வந்துரும், அப்ப அவளயும் ஒரு நாளு கூட்டிட்டு வரணும், முட்டி வலிக்காரி, சாஞ்சு ஒக்கார ஒரு நல்ல சீட்டு போடு துரைன்னாக. போட்டுருவோம் சார்னேன். கண்ண மூடிட்டாக. தூங்குறாகன்னுதான் நெனச்சேன். அழிமுகத்துக்கு வந்து எழுப்பினா..." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போராட்டமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. ஒரு சத்தம் வரல."

கிணற்றின் ராட்டினத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, இவர்களைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"பின்ன ஏன் அப்படிச் சொன்னே?"

"வெறுங்கையோட அனுப்ப மனசு வரலம்மா" என்றான். "ஒரு வருசமா வீட்டுல கெடந்துட்டு வந்த மனுசன். ஒரு மீனாவது... நாளைக்கு நாலு பேரு சொல்லுவாகள்ல. இப்பிடித் திரும்பும்னு எனக்குத் தெரியாது. அந்த சார் போலீசுக்குப் போனாலும் நான் மாத்திச் சொல்லமாட்டேன். இப்பப் போயி மீனு இல்லன்னா, பயத்துல பொய் சொல்றேம்பாக."

"நீ வா" என்றாள்.

அவள் கூடத்துக்கு வந்தபோது ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். பிச்சுமணியின் தலைமாட்டில் மதுவந்தி உட்கார்ந்திருந்தாள். வெங்கிடேஷ் சடங்குக்கு வந்த வாத்தியாரோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"வெங்கிடேஷ், மீன் ஒண்ணும் மாட்டலை" என்றாள் சீதாலக்ஷ்மி.

"என்ன மன்னி?"

"காலம்பர முழுக்க ஒரு மீன் கடிக்கலை. தண்ணி தெளியலையாம். தயிர்சாதத்தைச் சாப்ட்டுட்டு, சாஞ்சு படுத்துண்டு, தூக்கத்துலயே போயிருக்கார். இவன் நம்ம மனசு ஆறட்டும்னு ஒரு மீனைச் சொன்னான். டப்பாவைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். உங்க அண்ணா மீன் மாட்டின அன்னிக்குச் சோத்தைத் தொட மாட்டார்."

வெங்கிடேஷ் பாண்டித்துரையைப் பார்த்தான். அவள் எதிர்பார்த்த கோபம் அந்த முகத்தில் இல்லை. அங்கே வேறொன்று இருந்தது. வந்ததிலிருந்து அவன் கத்திக்கொண்டிருந்ததெல்லாம் அதை மறைக்கத்தான் போலிருக்கிறது.

"அண்ணா கஷ்டப்படலையா?" என்று கேட்டான்.

"இல்ல சார். தூங்கினாக."

"நெஜமா?"

"எம்புள்ள மேல சத்தியமா சார்."

வெங்கிடேஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது, சத்தமாக, சின்னப் பையன் அழுவதுபோல.

சீதாலக்ஷ்மி மகளைத் தேடினாள். அந்த மீனை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்; அவளிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டோமே என்றிருந்தது. மதுவந்தியின் தோள்கள் குலுங்கின. குனிந்து பார்த்தால், அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

"ஒண்ணுமே புடிக்கலையா?" என்றாள் அப்பாவின் முகத்தைப் பார்த்து. "ரெண்டு வாரம் பொறுக்கக் கூடாதாப்பா? எப்பப் பாத்தாலும் அவசரம்."

சாயங்காலம் நாலரை மணிக்கு மூங்கிலில் கட்டினார்கள். வேன் சந்துமுனையில் நின்றது. தூக்குவதற்கு மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு எதிர்வீட்டுப் பையன் வந்து நின்றான். மெலிந்த தோள். வெங்கிடேஷ் நெருப்புச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.

"பாண்டித்துரை" என்றான். "வண்டி வரைக்கும் நீ பிடி."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, வெங்கிடேஷின் முகத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றார். பாண்டித்துரை செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். சந்து வளையும் இடத்தில், முன்னால் போனவர்களிடம், "மெல்ல, மெல்ல, எடது பக்கம்" என்று அவன் சொல்வது வாசல்வரை கேட்டது. படகைக் கரைக்குக் கொண்டுவருகிறவன் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

அஸ்தியை ஆலுவாயில் பெரியாற்றில் கரைத்தார்கள். பதின்மூன்றாம் நாள் சுபமும் ஆயிற்று. நவம்பர் இரண்டாவது வாரம் மதுவந்தியின் போனுக்குப் பாண்டித்துரையின் செய்தி வந்தது: 'தண்ணி நீலம். 29.' அவள் அதைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினாள். சீதாலக்ஷ்மி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே?" என்றாள்.

படகில் ஏறும்போது முட்டி தகராறு செய்தது. இரண்டு பக்கமும் இருவர் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக முடுக்கிய நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டாள். சீனவலைகளைத் தாண்டி, அழிமுகத்தைத் தாண்டி, காயல் தண்ணீரின் பழுப்பு போகப் போக வெளுத்து, ஓரிடத்தில் கோடு கிழித்ததுபோல நின்றுபோய், அதற்கு அந்தப் பக்கம் நீலம் தொடங்கியது. அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இதையா இந்த மனுஷர் பத்து வருஷம் காப்பியை ஆறவைத்துக்கொண்டு சொன்னார்?

"வாந்தி வரதாம்மா?" என்றாள் மதுவந்தி.

"பேசாம இருடீ."

பாண்டித்துரை தூண்டிலை எடுத்தான். அதன் நுனியில் மஞ்சள் பெயின்ட் அடித்த மரமீன் ஒன்று இரையாகத் தொங்கியது. "பிடிச்சுப் பாக்கிறியளாம்மா? சும்மா, கையில வச்சுக்கிட்டா போதும்."

சீதாலக்ஷ்மி மரமீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வயிற்றிலும் வாலிலும் தொங்கிய கொக்கி முட்களை விரலால் தொட்டாள்.

"இதை எடுத்துட்டுக் குடு."

"ஊசி இல்லாம எப்படிம்மா மீன் புடிக்கறது?" என்றாள் மதுவந்தி.

"புடிக்கப் போறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

பாண்டித்துரை சிரிக்கவில்லை. குறடை எடுத்து இரண்டு ஊசிகளையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, மரமீனைப் படகுக்குப் பின்னால் விட்டான். தூண்டிலை அவள் கையில் கொடுத்து, விரல்களை எங்கே வைக்க வேண்டுமென்று காட்டினான். படகு மெதுவாக ஓடியது. வெயில் ஏறியது. மதுவந்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். வேண்டாமென்று அவள் தலையசைத்தாள்.

எட்டரை மணி இருக்கும். திடீரென்று தூண்டில் வளைந்தது. ரீல் கிர்ரென்று அலறியது. அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் யாரோ முழு பலத்தோடு இழுத்தார்கள், ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு கயிறு தளர்ந்தது.

"என்ன மீன் அது?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"தெரியலம்மா. மொகம் காட்டலயே."

அவனே சுற்றி மேலே எடுத்தான். ஈரமான மரமீனை அவள் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் பெயின்ட்டில் நாலு புதிய கீறல்கள், மரம் தெரியும் அளவுக்கு. கட்டைவிரலால் அவற்றை மெல்லத் தடவினாள். பிறகு படகின் விளிம்புக்கு அப்பால் கையை நீட்டி, தானே அதைத் தண்ணீரில் விட்டாள்.